பவுடர் டப்பாவில் முப்பத்தேழு

16-6-97, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல், கூடவே காற்று. கொடித்துணி மூன்றாவது நாளாக ஈரம். விடுமுறையிலும் விடைத்தாள் திருத்தத் தினமும் போய்வந்தேன். கல்லூரி திறந்த முதல் நாளே அரை நாள் விடுப்பு கேட்டேன். முதல்வர் கையெழுத்துப் போட்டார், முகத்தைப் பார்க்கவில்லை.

அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஆட்டோ ஒவ்வொரு வேகத்தடையில் ஏறும்போதும் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். வலிக்கிறதா என்றால், "இல்ல கண்ணு, ஆட்டோக்காரன் ஓட்டறதப் பாத்தாப் பயமாருக்குது."

பழைய சீட்டு நிறைந்துவிட்டது, புதுச் சீட்டு நிரப்பினேன். பெயர்: ஞானம்மா. வயது: 58. தொழில்: தேயிலை பறிப்பு, வால்பாறை. நோய்: புற்று, மார்பில் தொடங்கி இப்போது முதுகெலும்பில். துணைக்கு வருபவர்: எஸ்தர், தங்கை, கல்லூரி ஆசிரியை. 'உறவு' என்ற இடத்தில் 'தங்கை' போதவில்லை என்று தோன்றியது. நான் வேதியியல் படிப்பதற்காக இருபத்தைந்து வயதில் மலை ஏறியவள் அக்கா. அதை எழுதக் கட்டம் ஏது.

டாக்டர் வசந்தி (இனி டா.வ.). முப்பத்தைந்து இருக்கும். குள்ளம். அதிகம் சிரிப்பதில்லை, பிடித்திருக்கிறது.

"வலி எப்படிங்கம்மா இருக்கு?"

"பரவாயில்லீங்க."

"தூங்குறீங்களா?"

"பரவாயில்லீங்க, அம்மணி. நீங்க சாப்ட்டீங்களா?"

வலிக்குக் கொடுக்கும் 'மார்பின்' மாத்திரைக்குத் தனி அலமாரி. இரண்டு பூட்டு. ஒரு சாவி மருந்தாளர் பழனிசாமியிடம், மற்றது டா.வ.விடம். இருவரும் வந்தால்தான் திறக்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, நாளைக்கு ஆறு, வாரத்துக்கு நாற்பத்திரண்டு. போன வாரத்துக் காலி அட்டையைத் திருப்பித் தந்தால்தான் இந்த வாரத்தது. பழனிசாமி அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு குழியாக எண்ணுகிறார், வைரம் பார்ப்பதுபோல. பிறகு பதிவேட்டில் என் கையெழுத்து: மருந்து முழுவதும் உட்கொள்ளப்பட்டது.

வாங்க வேண்டியவை: ரஸ்க், வெந்நீர்ப் பை, மின்கட்டண ரசீது எங்கே என்று தேட.

19-6, வியாழன்

மூன்றாம் ஆண்டுக்கு ஆல்கலாய்டு வகுப்பு. மார்பின் மூலக்கூறு: ஐந்து வளையம். இருபது வருடமாகக் கரும்பலகையில் வரைகிறேன், கண்ணை மூடிக்கொண்டும் வரைவேன். இன்று நான்காவது வளையத்தில் கை நின்றுவிட்டது. முதல் பெஞ்சில் ஒருத்தி, "மேடம், சாக்பீஸ் வேணுங்களா?"

என் பழைய மாணவி ஒருத்தி வக்கீல். இந்த மருந்துக்கான மாநில விதிகளின் நகல் வேண்டும் என்று கேட்டிருந்தேன். கொடுத்துவிட்டாள், எனக்கு எதற்கு என்று கேட்காமல். சாயங்காலம் படித்தேன். ஆஸ்பத்திரி இந்த மருந்தை வைத்திருக்க ஓர் உரிமம். வாங்க ஓர் அனுமதி. கொண்டுவர இன்னொன்று. மூன்றும் ஒரே நாளில் உயிரோடு இருக்க வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. எந்த டாக்டர் எழுதலாம், எவ்வளவு எழுதலாம், ஏன் எழுதினேன் என்று எங்கே எழுத வேண்டும்.

விதியே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அக்காவின் எஸ்டேட்டில் ஒரு கம்பவுண்டர் ஊசிக்கு அடிமையாகி, கடைசியில் மருந்து அறைக் கதவை அவரே உடைத்தார். அவர் மனைவி கோயிலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். பயப்பட வேண்டிய பொருள்தான்.

ஆனால் உடைமை, பறிமுதல், தண்டனை என்று வரிசையாக வருகிறது. எனக்குக் கிடைத்த பக்கங்களில் 'வலி' என்ற சொல்லைப் பென்சிலோடு தேடினேன். கிடைக்கவில்லை. திருடனை மனத்தில் வைத்து எழுதியது. படுத்திருப்பவள் நினைவுக்கே வரவில்லை அவர்களுக்கு.

அக்கா பக்கத்து அறையிலிருந்து: "இன்னுமா பேப்பர் திருத்தற?"

"ஆமாக்கா."

பொய்.

23-6, திங்கள்

வெயில் எட்டிப் பார்த்தது. துணி காய்ந்தது. நல்ல செய்தி இன்று அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் டா.வ. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். ஆஸ்பத்திரியின் உரிமம் இம்மாதம் முப்பதோடு முடிகிறது. புதுப்பிக்கக் காகிதங்கள் பிப்ரவரியிலேயே போய்விட்டன. எந்த மேசையில் இருக்கின்றன என்று யாருக்கும் தெரியவில்லை. ஒன்றாம் தேதி முதல் அலமாரி திறந்தால் குற்றம். உள்ளே மருந்து இருந்தாலும் குற்றம்தான். முப்பதுக்குள் இரண்டு வாரத்துக்குச் சேர்த்துக் கொடுத்துவிடலாம். ஆனால் இருப்பது எல்லாருக்கும் போதாது.

"அதனால வலி கட்டுல இருக்கறவங்களுக்கு வலு குறைஞ்ச மாத்திரைக்கு மாத்தறேங்க. ரொம்ப முடியாதவங்களுக்கு மட்டும் இது."

பட்டியல் மேசையில் தலைகீழாக. தலைகீழாகப் படிப்பது ஆசிரியைக்குப் பழக்கம். 'கட்டுக்குள்' என்ற பக்கத்தில் மூன்றாவது: ஞானம்மா.

அக்காவின் பழைய சீட்டிலும் புதிதிலும் நான்கு வாரமும் ஒரே பதில்: பரவாயில்லை. டா.வ. தவறு செய்யவில்லை. சொன்னதை எழுதினார்.

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டாள். "அப்படியே செய்யுங்க, அம்மணி. முடியாதவங்களுக்குக் குடுங்க. நமக்கென்ன, இருக்கறத வெச்சுப் பாத்துக்கலாம்."

ஆட்டோ பிடித்துத் திரும்பினோம். கோபம். யார்மேல் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

28-6, சனி

தலையணை உறை மாற்றும்போது கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து பவுடர் டப்பா விழுந்தது. காலி டப்பா என்று குப்பைக்கு எடுத்தேன். உள்ளே கிலுகிலு என்றது.

மாத்திரைகள். கைக்குட்டைத் துண்டில் சுற்றி, முடிச்சுப் போட்டு. எண்ணினேன். முப்பத்தைந்து. எல்லாம் அதே வெள்ளை, அதே நடுக்கோடு.

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திரும்பும்போது உதட்டைக் கடித்தது தெரிந்தது.

"அக்கா, என்ன இது?"

"மாத்திர."

"நான் கல்லூரிக்குப் போனதும் எடுத்து வெச்சயா?"

"ரெண்டு நாளைக்கு மூணு. சில நாளு ரெண்டு. தெனமும் இல்ல."

"ஏன்?"

"சப்ளை நிக்கும்னு எனக்குத் தெரியும். முப்பது வருசம் எஸ்டேட்டு ஆஸ்பத்திரியப் பாத்தவ நானு. மழ காலத்துல ரோடு அடைச்சாப் போச்சு. கூலிக்காரங்க லைன்ல ஒவ்வொரு ஊட்லயும் ரெண்டு காய்ச்ச மாத்திர முடிஞ்சு வெச்சிருப்போம். இல்லீன்னா ராவுல புள்ளைக்குக் காய்ச்சல் அடிச்சா என்ன பண்றது? நின்னுச்சா இல்லியா, இப்பச் சொல்லு?"

நின்றுதான் போயிற்று. விதிகளைப் படித்த எனக்குத் தெரியாதது அவளுக்கு மே மாதமே தெரிந்திருந்தது. ஆனாலும் கத்தினேன். வலியோடு படுத்துக்கொண்டு வலி மருந்தைச் சேமித்தால் அது என்ன கணக்கு? டாக்டர் கேட்டபோது ஏன் சொல்லவில்லை?

"அது சின்னப் புள்ள, கண்ணு. பாவம், காலைல இருந்து நோவு நோவுன்னு கேட்டுட்டே உக்காந்திருக்குது. நானும் போயி அழுதா அது மூஞ்சி சுருங்கிப்போவும்."

சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். இரண்டு டம்ளர்.

பிறகுதான் உறைத்தது. காலி அட்டைகள். நான் எண்ணிக் கொடுத்தவை. நான்கு வாரம், நான்கு கையெழுத்து: முழுவதும் உட்கொள்ளப்பட்டது. பதிவேட்டில் பொய் என் கையில்.

சொல்லாவிட்டால்: அக்கா பட்டியலில் 'கட்டுக்குள்'. திங்களோடு மருந்து போச்சு.
சொன்னால்: கணக்கில் வராத மார்பின் என் வீட்டில். டா.வ.வுக்கும் சிக்கல், பழனிசாமிக்கும். எனக்கும், அரசு வேலை.

இரண்டையும் எழுதிப் பார்த்தால் பதில் வரும் என்று நினைத்தேன். எழுதியாயிற்று.

29-6, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. டேவிட் வந்தான், அக்கா மகன், திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங். கையில் திராட்சை. விஷயத்தைச் சொன்னேன்.

"பாலக்காட்டுப் பக்கம் கெடைக்குதுன்னு கம்பெனில ஒருத்தன் சொன்னானுங் சின்னம்மா. காலைல பஸ் ஏறுனா மத்தியானம் வந்துருவேன். ஜட்டிக்குள்ள வெச்சுட்டு வந்தா எவனுக்குத் தெரியும்?"

"வாளையாறு செக்போஸ்ட்ல பஸ்ஸ நிறுத்திச் சோதிப்பாங்க. அதுக்கு எத்தனை வருசம்னு தெரியுமா உனக்கு?"

"அம்மாவுக்காவத்தானுங்களே."

"அதை அங்க சொல்லு. எழுதிக்குவாங்க."

உள்ளேயிருந்து அக்கா: "டேய், செயிலுக்குப் போறதுன்னா தொவைச்ச சட்டையாப் போட்டுட்டுப் போ. அழுக்குச் சட்டையில போயி மானத்த வாங்காத."

மூவரும் சிரித்தோம். அக்கா சிரிப்பை நடுவில் நிறுத்தி மூச்சுப் பிடித்தாள். டேவிட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். திராட்சையை ஒவ்வொன்றாகத் தோலுரித்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே இருந்தான். முப்பது வயது. கை அகலம்.

அவன் போனபின் முடிவு. நாளை டப்பாவோடு போகிறேன். அக்காவிடம் சொன்னேன்: நான் மருந்தைப் பற்றிச் சொல்லிவிடுவேன், வலியைப் பற்றி நீதான் சொல்ல வேண்டும்.

"என்னன்னு சொல்றது?"

"வலிக்குதுன்னு."

"அப்படியே பட்டுனுங்களா?" என்றாள். என்னிடமே 'ங்க' போட்டாள்.

இன்றைய பத்து மணி, இரண்டு மணி மாத்திரைகளையும் மறுத்தாள். டாக்டரம்மா சொன்னால்தான் விழுங்குவாளாம். டப்பாவில் இப்போது முப்பத்தேழு.

30-6, திங்கள்

கோர்வையாக எழுத முயல்கிறேன்.

மேகமூட்டம். மழை இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் வழக்கத்தைவிடக் கூட்டம். எல்லோருக்கும் செய்தி தெரிந்திருக்கிறது. டப்பாவைக் கைப்பையில் வைத்திருந்தேன். நடக்கும்போது சத்தம் வரக் கூடாதென்று பஞ்சு அடைத்திருந்தேன். திருட்டு இப்படித்தான் பழகும் போலிருக்கிறது.

பழனிசாமியிடம்தான் முதலில் காட்டினேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க மேடம், இத உள்ள கொண்டாரலாங்களா? போன மருந்து திரும்பி வந்தா அத எழுதப் பத்தியே இல்லீங்களே. வாங்கினது, குடுத்தது, இருப்பு, அவ்வளவுதானுங்க. இத நான் எங்கீங்க எழுதுவேன்?"

நெற்றி வியர்த்திருந்தது. இரண்டு பெண் குழந்தைகளின் படம் மேசைக் கண்ணாடிக்கு அடியில். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதற்கும் பயந்தார்.

டா.வ. டப்பாவைத் திறந்து பார்த்தார். எண்ணவில்லை. மூடி அக்கா பக்கம் நகர்த்தினார்.

"இது அவங்களுக்கு நான் எழுதின மருந்து. அவங்ககிட்டயே இருக்கு. இத்தனை வேளை சாப்பிடல, மாத்திரை வீட்ல இருந்ததுன்னு சீட்டுல அப்படியே எழுதறேன். கீழ நான் கையெழுத்துப் போடறேன், நீங்களும் போடுங்க. யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். மறைச்சாத்தாங்க தப்பு."

விதியை இப்படியும் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. பென்சிலோடு உட்கார்ந்தும்.

பிறகு பட்டியலை எடுத்தார். "ஆனா அடுத்த ரெண்டு வாரத்துக்கு இதையே தொடரணும்னா காரணம் எழுதணும். உங்க தங்கச்சி சொன்னா ஆகாதுங்கம்மா. நீங்க சொல்லணும். ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க. ஒண்ணுன்னா லேசா. பத்துன்னா தாங்கவே முடியாது."

அக்கா என்னைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள்.

"பரவாயில்லீங்க."

"நம்பர்."

"நீங்களாப் பாத்து ஒண்ணு போட்டுக்கோங்க, அம்மணி."

டா.வ. பேனாவை மூடவில்லை. வெளியே அடுத்தவர் பெயரைக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. வகுப்பில் சத்தம் மீறும்போது அதட்டுகிற குரல்தான் வந்தது.

"அக்கா. கூடையில எத்தனை கிலோ?"

நிமிர்ந்தாள். முப்பது வருடம் தினமும் சாயங்காலம் எடை மேடையில் கேட்கப்பட்ட கேள்வி. அங்கே மட்டும் அவள் யாருக்கும் 'பரவாயில்லீங்க' சொன்னதில்லை. அரைக் கிலோவுக்குக் கணக்குப்பிள்ளையோடு மல்லுக்கு நிற்பாள் என்று மலையெல்லாம் பேச்சு.

"இப்பவா?"

"இப்ப."

"இருவத்தஞ்சு." கொஞ்சம் யோசித்து, "எட்டு. இருவத்தெட்டு."

"ராத்திரி?"

"ராவுக்கு நாப்பதுங்க. ஈர எலை. மேட்டுல ஏறற மாதிரி." டா.வ. எழுதத் தொடங்கியதைப் பார்த்து விரலை நீட்டினாள். "ஈரத்துக்குன்னு கழிச்சுப்போடாதீங்க. முழு நாப்பது."

"கழிக்கலைங்கம்மா."

"மாத்திர போட்டாப் பத்துக்கு எறங்கும். அப்புறம் ஏறிப்போவும்." கையால் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "அம்பது கிலோவும் சொமந்திருக்கேனுங்க. ஆனா அந்தக் கூடைய ஆறு மணிக்கு எறக்கி வெச்சுருவோம். இத எறக்க முடியறதில்லீங்க. வலிக்குதுங்க."

சொல்லிவிட்டு உடனே, "தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள்.

டா.வ.வின் முகம் சுருங்கவில்லை. ஆங்கில வரிகளுக்கு நடுவில் தமிழில் எழுதினார்: இரவு 40 கிலோ, கழிவு இல்லை. கீழே கோடு போட்டார். 'கட்டுக்குள்' பட்டியலில் மூன்றாவது பெயரை அடித்தார்.

முதலில் எழுதிய அளவையே முழுதாக, மணிப்படி. இரண்டு வாரத்துக்கு எண்பத்து நான்கு வேண்டும். டப்பாவில் முப்பத்தேழு. ஆகவே அலமாரியிலிருந்து நாற்பத்தேழு. பழனிசாமி கத்தரிக்கோலால் அட்டையை வெட்டிக் கொடுத்தார். மிச்சமான முப்பத்தேழு, அக்காவுக்கு அடுத்த பெயருக்கு. பொள்ளாச்சியிலிருந்து வரும் ஒருவர். முகம் தெரியாது.

வெளியே வந்ததும் அக்கா: "அந்தப் புள்ள சாப்ட்டுச்சான்னு கேக்க மறந்துபோட்டேன்."

3-7, வியாழன்

உரிமம் வரவில்லை. கல்லூரியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். வரும் என்கிறார்கள். விதிகளை எளிதாக்கப் பேச்சு நடக்கிறதாம், டா.வ. சொன்னார். எங்கே, யார் பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. பதினான்காம் தேதி காலை வரை கையில் இருக்கிறது.

மூன்று நாளாக முழு மருந்து. கடிகாரத்துக்கு அடியில் மாத்திரைக் கிண்ணம். கா. 10, பிற். 2 வேளைகளுக்கு எதிர்வீட்டு ஃபாத்திமா வந்து, விழுங்குவதைப் பார்த்துவிட்டுப் போகிறார். ("வாயத் தொறங்க, நாக்கத் தூக்குங்க. எம் மாமியாரையே ஏமாத்த விட்டதில்ல நானு.")

இன்று சாயங்காலம் அக்கா எழுந்து சாய்ந்து உட்கார்ந்தாள். கூப்பிட்டாள். போனேன். குறை சொல்லத் தொடங்கினாள். முதலில் புரியவில்லை. பிறகு காகிதம் எடுத்து எழுதிக்கொண்டேன்:

என் ரசத்தில் உப்பு இல்லை. வந்த நாள் முதலே இல்லை.
தலையணை செங்கல்.
ஃபேன் நாலில் வைத்தால் முனகுகிறது.
ரஸ்க் வேண்டாம். எப்போதுமே பிடிக்காது.
ஜெபிக்க வந்த அம்மாள் நெற்றியில் கையை வைத்து அழுத்துகிறார், மறுபடி வந்தால் வீட்டில் இல்லை என்று சொல்ல வேண்டும். (படுத்த படுக்கையாக இருப்பவள் எங்கே போயிருப்பாள் என்றேன். "சினிமாவுக்கு.")

"இத்தன நாளு நல்லாருக்குதுன்னு சொன்னயே?"

"சொன்னேன்."

"இன்னும் ஏதாவது இருக்கா?"

இருந்தது. போர்வை நூலை இழுத்துக்கொண்டே சொன்னாள்.

"காலைல நீ காலேஜுக்குப் போறப்ப சொல்லாமப் போற."

"தூங்கிட்டிருப்ப. எழுப்ப வேண்டாம்னுதான்."

"நாந் தூங்குல. ஒருநாளும் தூங்குல. கண்ண மூடிட்டுப் படுத்திருப்பேன். நீ செருப்பக் கையில எடுத்துட்டு, பூனையாட்டம் போவ. கதவு சாத்தற சத்தம் கேக்கும். வாரேன்னு ஒரு வார்த்த சொல்லீட்டுப் போனா என்ன?"

அவள் இங்கே வந்து ஐந்து வாரம். ஒவ்வொரு காலையும் நான் அந்தக் கதவை மெதுவாகச் சாத்தியிருக்கிறேன், நல்ல தங்கையாக.

ரசம் மறுபடி வைத்தேன்.

4-7, வெள்ளி

காற்று பலம். தெருவில் யார் வீட்டுத் தகரமோ அடித்துக்கொள்கிறது. ஆறு மணி மாத்திரை கொடுத்தாயிற்று. முதல் பீரியட் உண்டு. 8.35 பேருந்து.

8.15க்கு அறை வாசலில் நின்று, செருப்பைப் போட்டுக்கொண்டே, சத்தமாகவே சொன்னேன்: "அக்கா, வாரேன்."

மறுபடி, இன்னும் சத்தமாக:

"அக்கா. வாரேன்."

உள்ளே போனேன். செருப்புக் காலோடு. வாய் லேசாகத் திறந்திருந்தது, ஒரு கை கட்டிலுக்கு வெளியே. குனிந்தேன்.

குறட்டை. சின்ன வயதில் ஒரே பாயில் படுத்திருந்தபோதுகூடக் கேட்ட நினைவில்லை. முதலில் மெலிசாக, பிறகு மரம் அறுப்பதுபோல. எச்சில் தலையணையில்.

8.35 போயிற்று. 8.50ம் போயிற்று.